மூன்று கூறா, இரண்டு கூறா?

பம்பாயில் நான் சந்தேகப்படாத ஆள் கிடையாது. அதில் முதலிடம் தராசு சாருக்குத்தான். நாலாங்கிளாஸோடு படிப்பை விட்டவன், ஒரே ஒரு எண்ணெய்ச் சட்டியோடு தாராவியில் முறுக்குக் கடை போட்டு இன்று செம்பூர் வரை சரக்கு அனுப்புகிறேன் என்றால், அந்தச் சந்தேகம்தான் என் முதல்.

சார் மாட்டுங்காவில் ஏதோ காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம். அவர் சொன்னதுதான். சாயங்காலமானால் வந்து என் தட்டுத் தராசைப் பிடித்துக்கொள்வார். இடப்பக்கம் ஒரு கிலோ, இரண்டு கிலோ பாக்கெட்டுகள். வலப்பக்கம் மூன்று கிலோ பாக்கெட்டுகள் மட்டும். முள் நடுவில் நின்றதும் இரு தட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, அதுவும் தனியே சமமாக நிற்கிறதா என்று பார்த்து, ஒரு கூறாக ஒதுக்குவார். கடைசியில், "எந்தக் கூறும் இதுக்கு மேல சமமா உடையாது அண்ணாச்சி, பாருங்கோ!" என்று பிள்ளை பிறந்ததுபோலக் கத்துவார்.

எடையளவு ஆபீஸ் ஆள்தான், மாறுவேஷத்தில் வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். தீபாவளி நெருங்குகிறது. தராசு போனால் சீசனே போச்சு. விரட்டவும் பயம்.

"ஆபீசரு ரெண்டு காலுக்கும் வேற வேற செருப்பு போட்டுட்டா வருவாரு?" என்றாள் என் வீட்டுக்காரி.

"அதாம்ளா வேஷம்!"

ஒரு நாள் இந்தப் பக்கம் ஒரு கிலோ பாக்கெட் மூன்று, இரண்டு கிலோ பாக்கெட் மூன்று. அந்தப் பக்கம் மூன்று கிலோ பாக்கெட் மூன்று. ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று என்று மூன்று கூறு போட்டார். மறுநாள் அதே பாக்கெட்டுகள். ஒரு கிலோ பாக்கெட் மூன்றுக்கும் சேர்த்து ஒரு மூன்று கிலோ பாக்கெட். இரண்டு கிலோ பாக்கெட் மூன்றுக்கும் சேர்த்து மீதி இரண்டு. ஆகமொத்தம் இரண்டே கூறு.

பிடித்துவிட்டேன். "நேத்து மூணு கூறுல்லா போட்டிய? ஒண்ணு எங்க போச்சு? பையக் காட்டுங்க!"

மனிதர் துள்ளினார். "அதான் அண்ணாச்சி விஷயமே! சாமான் அதேதான். உடைக்கற விதத்துல கூறு மாறிடும். என் ஆராய்ச்சி மொத்தமும் இதான்!"

எண்ணினேன். ஒரு பாக்கெட் குறையவில்லை. எனக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. எல்லாம் சரியாக இருந்தால் எவன்தான் நம்புவான்?

அந்த வாரமே நிஜ இன்ஸ்பெக்டர் வந்தார். சார் தராசோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கௌன் ஹை யே?" யார் இந்த ஆள், தராசை நோண்டுவது வெளியாள் என்றால் ஜப்திதான் என்று உறுமினார்.

அப்படியானால் சார் இந்த ஆபீஸ் ஆள் இல்லையா! நான் யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது: "அப்னா ஆத்மி ஹை, சாப்." நம்ம ஆள்தான் என்று சொல்லிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் தன் படிக்கற்களை வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை, தராசு யாருடையது! அதோடு விட்டாரா சார்? அவருக்கும் மூன்று கூறு போட்டு, கலைத்து, இரண்டாக்கிக் காட்டினார். "ஏக் கிதர் கயா?" என்று அதிகாரியும் காணாமல்போன ஒரு கூறை மேஜைக்கு அடியில் குனிந்து தேடிவிட்டு, தராசுக்கு முத்திரை குத்தினார்.

சார் மேல் எனக்கு இன்றும் நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் வராவிட்டால் மாட்டுங்காவுக்கே ஆள் அனுப்பி வேவு பார்க்கிறேன். போகிறவனிடம், அவர் சாப்பிட்டாரா என்றும் கேட்டுவரச் சொல்கிறேன்.