பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கரி மூட்டிய கதை

யாழ்ப்பாணத்தவருக்கு வெயிலைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. குளிரைப் பற்றித் தெரிந்தது ஒன்றுமில்லை. தெரியாதவர்கள் போர்த்துக்கொண்டு சும்மா இருந்தால் ஆபத்து வராது. மலைநாட்டு நுவரெலியாவில் ஒரு வருடம் படிப்பித்துவிட்டு, குளிரைக் கரைத்துக் குடித்தவள்போல ஊருக்குத் திரும்பிய ஒருத்தி வீட்டில் இருந்தால்தான் ஆபத்து. எங்கள் வீட்டில் அந்த ஒருத்தி நான்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம். அரியாலையில் இருந்த எங்கள் வீட்டுக்கு, என்னைப் பெண் பார்க்க இணுவிலில் இருந்து வருவதாக ஏற்பாடு. அன்று விடியத் தொடங்கிய மழை விடவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்த கார் ஒழுங்கை முனையில் வெள்ளத்துக்குள் நின்றுபோனது. மாப்பிள்ளை, அவருடைய தாய், தரகர் மூவரும் சேலையையும் வேட்டியையும் தூக்கிப் பிடித்தபடி நடந்து, நனைந்த கோழிகளாக வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்க்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது.

அறைக்குள் சேலை உடுத்துக்கொண்டிருந்த நான், கதவு நீக்கலால் இதைப் பார்த்தேன். உடனே என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. (பேசாமல் கிடந்திருக்கலாம்.) நுவரெலியாவில் எங்கள் தலைமை ஆசிரியையின் பங்களாவில், சுவரோடு கட்டிய அடுப்பில் நெருப்பு எரியும். எல்லோரும் அதைச் சுற்றி இருந்து கதைப்போம். அந்த அடுப்புக்கு மேலே ஒரு புகைபோக்கி கூரையைத் தாண்டிப் போயிருந்தது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அழகுக்கு என்று நினைத்திருப்பேன்.

குசினிக்கு ஓடினேன். பொரிக்கிற பெரிய இரும்புத் தாச்சியில் தேங்காய்ச் சிரட்டைக்கரியை நிறையப் போட்டு, கனலும்வரை விசிறினேன். பெண் முன்கூட்டியே முகம் காட்டக்கூடாதே, அதனால் அம்மாவிடம் கொடுத்தேன்.

"எடி பிள்ளை, உது புகைக்காதே?"

"கரி நல்லாக் கனண்டிட்டுதம்மா. ஒரு பொட்டுப் புகை தெரியுதே பாருங்கோ? புகை இருந்தாத்தானே மூச்சு முட்டும்!"

(பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்த பாடம் சுகாதாரம் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் தப்ப முடியாது.)

முன்னறையில் தாச்சி வைக்கப்பட்டது. மழைச் சாரலுக்காக எங்கள் தகப்பனாரான ஐயா ஏற்கெனவே யன்னல்களைப் பூட்டியிருந்தார். சூடு வீணாகக் கூடாது என்று கதவையும் சாத்தி, கீழ் நீக்கலில் நானே ஒரு சாக்கை மடித்துச் செருகினேன். மாப்பிள்ளையின் தாய், "ஆ, நல்ல இதமாக் கிடக்கு" என்று சொன்னது எனக்குக் கேட்டது. கலியாணம் முடிந்த மாதிரித்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

குசினியில் விறகு ஈரம். தண்ணீர் கொதிக்க மறுத்தது. வடைக்கு எண்ணெய் காய மறுத்தது. முன்னறையில் ஐயாவின் குரல் மட்டும் ஓயாமல் கேட்டது. அவர் உத்தியோகத்தில் இருந்து இளைப்பாறிய ஸ்டேஷன் மாஸ்டர். யாராவது கையில் அகப்பட்டால் ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்றுதான் கதை போகும். நேரம் போனது. ஒரு கட்டத்தில் அந்தக் குரல் நின்றது.

அம்மா அகப்பையோடு திரும்பினார். "என்னடி இது, கொப்பர் கதையை நிப்பாட்டிப்போட்டார்?"

"களைச்சுப்போனாராக்கும்" என்றேன். தேத்தண்ணீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு, குனிந்த தலையோடு, காலால் கதவைத் தள்ளி உள்ளே போனேன்.

தரகர் வாயைத் திறந்தபடி கதிரையில் சரிந்து கிடந்தார். மாப்பிள்ளையின் தாய் தலையைப் பின்னால் போட்டுக் கண்ணை மூடியிருந்தார். மாப்பிள்ளையின் நெற்றி மேசையில் இருந்தது. ஐயாவின் ரயில் கதை எல்லோரையும் நித்திரையாக்கிவிட்டது என்றே முதலில் நினைத்தேன்.

"தேத்தண்ணி..." என்றேன் மெல்ல.

மாப்பிள்ளை தலையை நிமிர்த்தினார். என்னை ஒரு முறை பார்த்தார். "ஓம்" என்றார். அப்படியே கதிரையில் இருந்து வழுகி நிலத்தில் விழுந்தார்.

நான் ஐயாவைப் பார்த்தேன். சாய்மனைக் கதிரையில் அவருடைய கண்கள் திறந்திருந்தன. அவை என்னைப் பார்க்கவில்லை. "ஐயா!" என்றேன். தட்டு கையில் இருந்து விழுந்த சத்தம் எங்கோ அடுத்த வீட்டில் கேட்டதுபோல் இருந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மாதான் கத்தினார். கத்திக்கொண்டே யன்னல்களை அடித்துத் திறந்தார். சேலைத் தலைப்பால் தாச்சியைப் பிடித்து முற்றத்து வெள்ளத்துக்குள் எறிந்தார். அயலட்டை முழுக்க ஓடிவந்து நால்வரையும் விறாந்தைக்கு இழுத்தது. சாரல் முகத்தில் அடிக்க, மாப்பிள்ளை முதலில் முனகினார். பிறகு தாய், தரகர். ஐயா மட்டும் அசையவில்லை. அம்மா அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா அழாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன குடுத்தனியள்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒண்டும் குடுக்கேல்லை! தேத்தண்ணிகூட இன்னும் குடுக்கேல்லை!" என்று அம்மா சீறினார். (விருந்தோம்பலில் பேர்போன ஒரு பெண் இப்படிச் சத்தியம் பண்ணி நான் கேட்டதில்லை.)

அப்போது ஐயா ஓங்காளித்துச் சத்தி எடுத்தார். தீபாராதனையைக் கண்டவர்கள்போல் எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நின்றோம்.

அடுத்த ஒழுங்கை டாக்குத்தர் குடையோடு வந்தார். நாடி பார்த்தார். முற்றத்தில் கிடந்த தாச்சியையும் பார்த்தார்.

"பூட்டின அறைக்குள்ளை கரிச்சட்டி வைச்ச மோட்டு மனிசர் ஆர்?"

"புகையே இல்லை டாக்குத்தர்..." என்றேன்.

"அதுதான் பிள்ளை ஆபத்து. புகை எண்டால் இருமிக்கொண்டு வெளியாலை ஓடுவியள். கரியிலை வாற நச்சுக்காத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை இடிக்கும், நித்திரை வரும், அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இது செத்தவீடு."

ஐயா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இவள் சுகாதாரம் படிப்பிக்கிறவள் டாக்குத்தர்."

நால்வரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒட்சிசன் கொடுத்தார்கள். சம்பந்தம் முறிந்தது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஆனால் கட்டிலில் கிடந்த தரகர் விடவில்லை. "மாப்பிள்ளை பொம்பிளையைப் பாத்து ஓம் எண்டவர். என்ரை காதாலை கேட்டனான்" என்று சாதித்தார். தான் அப்படிச் சொன்னதே நினைவில்லை என்று என்னைக் கட்டிய இவர் இன்றுவரை சொல்கிறார். இருந்தாலும் அன்று மறுக்கவும் இல்லை.

இவருடைய தாய், என் மாமி, ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். அதையும் எங்களிடம் வைக்கவில்லை, தச்சனிடம் வைத்தார். நான் இணுவிலுக்கு வாழப் போன அன்று, குசினி யன்னல்கள் எல்லாம் கதவில்லாமல் பிளந்துகொண்டு நின்றன. கழற்றிய கதவுகள் வீட்டுப் பின்கோடிக்குள் சாத்தியிருந்தன. மாரிக்கு மழைத் தண்ணீர் அடுப்புவரை வரும்.

விருந்தாளிகள் யாராவது காரணம் கேட்டால், மாமி என் தலையைத் தடவிக்கொண்டே சொல்லுவார்:

"எங்கடை மருமோள் தங்கமான பிள்ளை. கதவைப் பூட்டினாத்தான் பயம்."