பெட்டி நுழைகிற வண்டி

லெவின்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தங்கை பெவர்லிக்கு,

அண்ணன் டெஸ்மண்ட் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி நோலீனும் சௌக்கியம். என் இடது முழங்கால் சௌக்கியமில்லை. அதை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே கோர் ஊரில் நீயும் மாப்பிள்ளை யூவனும் உங்கள் செம்மறியாடுகளும் குளிருக்கு ஈடுகொடுத்து நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய பிளம் ஜாம் பத்திரமாக வந்து சேர்ந்தது. பாட்டிலைத் திறக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நிற்க. நான் வண்டி வாங்கிவிட்டேன். சின்ன ஸ்டேஷன் வேகன், வெள்ளி நிறம், ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்து இறங்கியது. "எழுபத்தெட்டு வயசுல எதுக்குண்ணே இன்னொரு வண்டி?" என்று போனில் கேட்டாய். போனில் இதற்குப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் நீ நடுவில் பேசுவாய். விஷயம் இதுதான். அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஆறடி நிலம் கோரில் காத்திருக்கிறது. நானோ வடக்குத் தீவில் கிடக்கிறேன், நடுவில் கடல் வேறு. நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால், முகம் தெரியாத எவனோ கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, ரேடியோவில் கிரிக்கெட் கேட்டபடி, என்னை அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வருவான். நம் வீட்டு வண்டியில், நம் வீட்டு ஆள் ஓட்ட, நான் ஊர் வந்து சேர வேண்டும். இந்த வயதில் எனக்கு மிச்சமிருக்கிற ஆசை அது ஒன்றுதான்.

எங்கள் ஊர்ச் சவப்பெட்டிச் சங்கத்தைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். வியாழன்தோறும் ஒரு கொட்டகையில் கூடி, அவரவர் பெட்டியை அவரவரே அறுத்து, ஆணியடித்து, வண்ணம் பூசி, தேநீரும் ஸ்கோன் ரொட்டியும் முடித்துக்கொண்டு கலைவோம். பெண்கள் தங்கள் பெட்டிகளில் ரோஜாவும் பூனையும் வரைகிறார்கள். ஒருவர் உள்பக்கம் ரக்பி மைதானமே வரைந்திருக்கிறார். எந்த வெளிச்சத்தில் பார்க்கப் போகிறாரோ தெரியாது. நான் அடக்கமாகப் பச்சை நிறத்தோடு நிறுத்திக்கொண்டேன். நான் நெட்டையன் என்பதால் பெட்டியும் நெட்டை. ஆக, அந்தப் பெட்டி முழுசாக உள்ளே போய்க் கதவு சாத்தக்கூடிய, பெட்ரோலை மொடக்கு மொடக்கென்று குடிக்காத ஒரு சின்ன வண்டியை நான் தேட வேண்டியிருந்தது. கேட்பதற்கு எளிது. ஆனால் இன்றைக்கு இந்த நாட்டில் எவனைப் பார்த்தாலும் மாட்டுக்கொட்டகை உயரத்தில் ஒரு வண்டி வைத்திருக்கிறான், அதில் ஒரு பாட்டில் பாலும் ஒரு நாயும் ஏற்றிக்கொண்டு போகிறான்.

அளவு நாடாவை நம்பி ஏமாற நான் என்ன முட்டாளா? பெட்டியையே டிரெய்லரில் கட்டிக்கொண்டு நோலீனோடு பாமர்ஸ்டன் நார்த்துக்குப் போனேன். கார் விற்கிற பிரெண்டன் எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டான். பாவம், நல்ல பையன்தான், பல் மட்டும் கொஞ்சம் அதிகம். "ரொம்ப வருத்தமா இருக்கு, தலைவரே" என்றான். "எதுக்குப்பா வருத்தம், நான் இன்னும் பாக்கெட்டுல கையே விடலயே" என்றேன். விஷயத்தைச் சொன்னதும் முகம் தெளிந்து, நேரே ஒரு மலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். அந்த மலைக்கு நாலு சக்கரம் இருந்தது.

"தலைவரே, இது உங்க வாழ்க்கை முறைக்கே செஞ்ச மாதிரி இருக்கும்."

"எனக்கு வேண்டியது வாழ்க்கை முறைக்கு அப்புறம் வர்ற முறைக்கு."

"உள்ள எவ்ளோ இடம் பாருங்க!"

"இடம் இருக்கட்டும். என்னைத் தூக்கப் போறவங்க எல்லாம் சங்கத்து ஆளுங்க, என் வயசு. இவ்ளோ உசரத்துக்குத் தூக்கினா அன்னிக்கே இன்னும் நாலு பெட்டி தேவைப்படும்."

நோலீன் சிரித்தாள். அவள் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி பிரெண்டனுக்கும் கொடுத்தாள். அதைக் குடித்த பிறகுதான் அவனுக்குப் புத்தி வந்து, பின்வரிசையில் நின்ற இந்த வேகனைக் காட்டினான். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. தரை தாழ்ந்திருக்கிறது, பின்கதவு அகலம், பெட்டியை வைத்துத் தள்ளினால் ரொட்டி அடுப்புக்குள் போவது மாதிரி போகிறது. பின்சீட்டுகளை மடக்கியும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிரெண்டன் தளரவில்லை. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டையும் அப்படியே படுக்கவைத்தான். பெட்டி போய் முன்னால் முட்டியது. கதவு 'டப்'பென்று சாத்தியது. பெவ், அந்தச் சத்தம் என் காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வண்டியைக் கிளப்பினால் உள்ளிருந்து ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் மரியாதையாக என்னவோ சொல்கிறது. "என்ன சொல்லுது?" என்று கேட்டேன். "தலைவரே, நான் இந்தத் தொழிலுக்கு வந்ததுலேர்ந்து கேக்குறேன், இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது" என்றான். அதோடு ஒரு பீப் சத்தம், நிற்கவே இல்லை. கடைசியில் பார்த்தால், படுத்திருந்த சீட்டின் மேல் பெட்டியின் பாரம் அழுத்த, பெல்ட் போடாத பயணி என்று வண்டி நினைத்துவிட்டது. பெட்டிக்கு பெல்ட் மாட்டிய பிறகுதான் வாயை மூடியது.

பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க வேண்டுமே. வெறும் பெட்டியோடு ஓட்டினால் கணக்குத் தப்பாகும் என்று, என் எடைக்கு உருளைக்கிழங்கு மூட்டைகளைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அவற்றைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். நோலீன் "நீ போயிட்டு வா" என்று அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். பெட்ரோலோடு பாட்டரியும் உள்ள வண்டி, மெதுவாகப் போகையில் ஓர் ஓசையும் இல்லாமல் மின்சாரத்தில் நகர்கிறது. இறந்தவனுக்கு இதைவிட மரியாதை செய்ய முடியாது. எதிரே வந்தவர்கள் எல்லாம் ஓரம் கட்டினார்கள். ஒரு குடியானவர் டிராக்டரை நிறுத்தித் தலை குனிந்தார். நானும் பதிலுக்குக் குனிந்தேன், அதில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன். திரும்பி வந்து சேர்ந்தபோது பின்னால் மூன்று கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்து நின்றன. முதல் காரிலிருந்து இறங்கிய அம்மாள் தாழ்ந்த குரலில், "யாருங்க போயிட்டது?" என்று கேட்டார். "நான்தாம்மா, இன்னும் போகல" என்றேன். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது காரில் வந்தவருக்கு பிரெண்டன் அந்த மலையை விற்றுவிட்டான்.

கணக்கு என்னவென்றால், நூறு கிலோமீட்டருக்கு ஐந்து லிட்டர்கூட ஆகவில்லை. கடல் தாண்டி பிக்டனில் படகைவிட்டு இறங்கி டேங்கை நிரப்பினால் டனீடன் தாண்டும் வரை பங்க்கில் நிற்க வேண்டாம். பெட்டியோடு பங்க்கில் நின்றால் கண்டவனும் வந்து அனுதாபம் சொல்வான், நேரம்தான் வீண். படகுக்காரர்களுக்கும் போன் போட்டுக் கேட்டுவிட்டேன். அந்தப் பெண் "எத்தனை பேர் வர்றீங்க?" என்றாள். "ரெண்டு பேர், ஆனா ஒருத்தர் சீட்டு கேக்க மாட்டார்" என்றேன். "ஒருவழியா, இருவழியா?" என்றாள். "ஒருத்தருக்கு இருவழி, இன்னொருத்தருக்கு ஒருவழி" என்றேன். கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டாள், அந்தப் பாட்டு இன்னும் முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எனவே, தங்கையே, இனி உன் அண்ணனைப் பற்றி நீ கவலைப்பட எதுவும் இல்லை. எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. நான் நிம்மதியாக இருக்கிறேன். அந்த நாள் வரும்போது யூவனை ஆட்டுப்பட்டிக் கேட்டைத் திறந்துவைத்து, வாசலில் வண்டி திருப்ப இடம் விடச் சொல். அவனுக்கு என் அன்பு. உன் ஆடுகள் இரட்டைக் குட்டி போடட்டும், உன் அடுப்பு அணையாதிருக்கட்டும், நீ தீர்க்காயுசாக இரு.

என்றும் உன் பிரியமுள்ள அண்ணன்,
டெஸ்மண்ட் டல்லாக்

பி.கு.: உறையில் போடும் முன் நோலீன் இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க, டெஸ். அந்த வண்டியில நான் எங்க உக்காருறது?"

"பக்கத்து சீட்டு படுத்திருக்குமே. நீ ஓட்டுற சீட்டுல."

"என் கண்ணைப் பார்த்துட்டு டாக்டர் லைசென்ஸ் தர முடியாதுன்னு சொல்லி ரெண்டு வருஷமாச்சு. கூட வந்தவன் நீதான்."

நான் கடிதத்தை வாங்கி அந்த இடத்தைத் திரும்பப் படித்தேன். அவள் விடவில்லை.

"இந்த வீட்டுல வண்டி ஓட்டுறது நீ ஒருத்தன். அந்த ஒத்தை சீட்டுல நீ. அப்போ பெட்டிக்குள்ள பெல்ட் போட்டுப் படுத்திருக்கிறது யாருய்யா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பெவ். நான் போட்ட அத்தனை கணக்கிலும் நான்தான் முதலில் போகிறேன். அவள் முந்திக்கொள்வாள் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. பேசாத அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நான் எப்படி ஓட்டுவேன்? தேநீர் போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போய் நின்றேன்.

ஆகவே மேலே உள்ளதில் வண்டி வாங்கியது ஒன்றுதான் உண்மை, மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. பெட்டியில் உன் அண்ணி குளிர்காலக் கம்பளிகளை அடுக்கிவிட்டாள். "கோருக்குப் போகணும், அவ்வளவுதானே? நடமாட்டம் இருக்கும்போதே போவோம்" என்று வண்டியின் பின்பக்கம் மெத்தையும் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். வழியில் ஆற்றங்கரைகளில் நிறுத்தி வண்டியிலேயே தூங்குவதாகத் திட்டம். இப்போதுதான் இருவரும் படுத்துப் பார்த்துவிட்டு வந்தோம். என் கால் கொஞ்சம் இடிக்கிறது. மற்றபடி இரண்டு பேருக்கு இடம் தாராளம்.