எதை வைத்துத்தான் ஆரம்பிப்பது?

மூன்றாவது வாரம் எத்திராஜிடமிருந்து இன்னொரு வார்த்தையும் பிடுங்கப்பட்டது.

"வாக்கியத்த 'ஐ'ன்னு ஆரம்பிக்கக் கூடாது சார்" என்றாள் யாமினி.

எத்திராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் வாரம் 'பட்' போயிற்று. அடுத்த வாரம் 'பிகாஸ்', அது போதாதென்று 'நோ'வும் போயிற்று. இப்போது 'நான்' என்றுகூட ஆரம்பிக்கக் கூடாதாம். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பேக்கரி மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்தும் இந்தப் பெண்ணுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். அவளை மேடம் என்று வேறு கூப்பிட வேண்டியிருக்கிறது. எல்லாம் நேரம். இந்த இடத்தை விசாரித்துச் சேர்த்துவிட்ட பெண்டாட்டி யசோதாவைச் சொல்ல வேண்டும்.

வேறு வழியுமில்லை. அமெரிக்காவுக்குப் போன ஊர்ப் பிள்ளைகள் குடும்பத்தோடு சாமி பார்க்க வர ஆரம்பித்த பிறகு, அலிபிரி பக்கம் லிஃப்ட் வைத்த ஹோட்டல் ஒன்று எழும்பியிருந்தது. ரிசப்ஷனுக்கு இங்கிலீஷ் பேசும் ஆள் கேட்டிருந்தார்கள். திருச்சானூரில் எத்திராஜ் வேலை பார்க்காத லாட்ஜ் இல்லை. எதிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. நியாயம் பேசுகிறவனை முதலாளிகளுக்குப் பிடிக்காது என்பது அவர் கட்சி. ஃபேன் சத்தம் போடுகிறது என்று ஒருத்தர் வந்து சொன்னபோது, "ஆனா சார், ஓடற ஃபேன் சத்தம் போடாம பின்ன பாட்டா பாடும்?" என்று கேட்டார். இதில் என்ன தப்பு?

இந்த வேலையும் கிடைக்காவிட்டால் சித்தூரில் மச்சானின் மாங்காய் மண்டியில் கைகட்டி நிற்க வேண்டும். அதற்கு மலைப் படியிலிருந்து உருண்டுவிடலாம்.

"பின்ன இன்னாத்த வச்சிதான் மேடம் ஆரம்பிக்கிறது?"

"'எஸ், சார்'னு ஆரம்பிங்க. எஸ்ஸுக்கு அப்புறம் ஒரு கமா வரும்."

"கமாவ எப்பிடி வாயால சொல்றது?"

"மூச்சு விடுங்க. நல்லா இழுத்து."

வாக்கியத்தின் முதல் எழுத்து கேபிடலாக இருக்க வேண்டுமே, பேசும்போது அதை எப்படிக் காட்டுவதாம் என்று மடக்கினார். சிரித்த முகமாக ஆரம்பித்தால் அதுதான் கேபிடல் என்றாள் அவள், தயங்காமல்.

விடுவாரா எத்திராஜ்? கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கம் ஓர் இலக்கணப் புத்தகம் வாங்கி வந்து, அதில் ஒரு வாக்கியம் 'பட்' என்றே ஆரம்பிப்பதை விரல் வைத்துக் காட்டினார்.

"புஸ்தகம் எழுதினவருக்கு ஏற்கெனவே வேலை இருக்குது சார். உங்களுக்குத்தான் இல்ல" என்றாள் யாமினி. வாதம் பண்ணியதற்காக அன்றைக்கே 'ஸோ'வையும் எடுத்துவிட்டாள்.

வீட்டில் போய்ப் புலம்பலாம் என்றால் அங்கே அதற்கு மேல். "ஆனா யசோதா" என்று அவர் வாயைத் திறந்ததும் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"டீச்சர் வாணாம்னத வூட்ல மட்டும் சொல்லிக்கினு இருந்தா எப்பிடி பழக்கம் வரும்?"

ஆக, தமிழில் 'ஆனா'வும் போயிற்று, தெலுங்கில் 'கானி'யும் போயிற்று. சாம்பாரில் உப்பில்லை என்பதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். யசோதா ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி தட்டைக் கழுவினாள்.

இண்டர்வியூவில் மானேஜர் விருந்தாளி போல நடித்தார். வெந்நீர் வரவில்லை என்றார். ஏசி ஒழுகுகிறது என்றார். இந்த ஊரில் ஒருத்தனுக்கும் மரியாதை தெரியவில்லை என்றார். எத்திராஜிடம் ஒவ்வொன்றுக்கும் செருப்பால் அடித்தாற்போல் பதில் இருந்தது. பாழாய்ப்போன பதில்கள், எல்லாம் 'பட்'டிலோ 'நோ'விலோதான் ஆரம்பித்தன. அவற்றை விழுங்கினார். முகத்தில் கேபிடல் லெட்டரைக் கொண்டுவந்தார்.

"எஸ்..." என்று மூச்சை இழுத்து விட்டு, "சார்" என்றார்.

அதற்குள் மானேஜர் அடுத்த புகாருக்குப் போயிருந்தார். கடைசிவரை இதே கதைதான். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது யாமினியை மனசுக்குள் தாறுமாறாகத் திட்டிக்கொண்டே வந்தார். மாங்காய் வாசனை மூக்கில் ஏறுவது போலிருந்தது.

மறுநாள் காலை, தெருமுனை எஸ்டிடி பூத்துக்கு ஹோட்டலிலிருந்து ஃபோன் வந்தது. வந்தவர்கள் எல்லாரும் இவரைவிட நன்றாக இங்கிலீஷ் பேசினார்களாம்; ஆனால் இப்படிப் பொறுமையாகக் கேட்ட ஆள் இவர் ஒருத்தர்தானாம். திங்கட்கிழமையே வந்து சேரச் சொன்னார்கள்.

எத்திராஜுக்கு வெட்கமாகிவிட்டது. கீழே பேக்கரியில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு மாடியேறினார். கண் கலங்க, உங்க இலக்கணம்தான் மேடம் எனக்குச் சோறு போடுகிறது என்றார்.

யாமினி பெட்டியை வாங்காமல் அவர் பக்கமே தள்ளினாள்.

"இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க சார். இங்கிலீஷ்ல எத வச்சி வேணும்னாலும் ஆரம்பிக்கலாம், அந்த ரூலெல்லாம் வாராவாரம் யசோதாக்கா வந்து போட்டுட்டுப் போனது."