கத்திரிப்பூ நிறத்தில் என் முகம்

எண்ணெய் வழியும் முகம் உள்ளவர்கள் காதலிக்கக் கூடாது என்று எங்கும் சட்டம் இல்லை. இருந்திருந்தால் எனக்கும் நல்லது, ஒரு பழைய காட்டன் புடவைக்கும் நல்லது.

என் முகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் கழுவித் துடைத்துக்கொண்டு கே.கே. நகர் வீட்டிலிருந்து கிளம்பினால், தி. நகர் போய் வண்டியை நிறுத்துவதற்குள் நெற்றி விபூதி குழைந்து கஞ்சியாகிவிடும். "ஏல, உன் மூஞ்சியில ரெண்டு அப்பளம் பொரிச்சிரலாம்லா" என்பது என் அண்ணனின் நிரந்தர நகைச்சுவை. (அவன் முகம் வறண்ட பூமி. பிள்ளைகளுக்கு எண்ணெயைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்க அப்பாவுக்குத் தெரியவில்லை.)

எங்களுடையது மேட்சிங் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அப்பா ஆரம்பித்தது, இப்போது அண்ணனும் நானும் பார்க்கிறோம். ரவிக்கைத் துணி, லைனிங், உள்பாவாடை, புடவையின் கீழோரத்தில் வைத்துத் தைக்கிற ஃபால்ஸ், இவ்வளவுதான் வியாபாரம். பெரிய ஜவுளிக்கடையில் புடவை எடுத்தவர்கள் அதே நிறத்தில் ரவிக்கைத் துணி தேடிக்கொண்டு எங்களைப் போன்ற சின்னக் கடைக்கு வந்தாக வேண்டும். இந்தத் தொழிலில் டியூப்லைட்டை நம்பக் கூடாது, அந்த வெளிச்சத்தில் எல்லா நிறமும் பொய் சொல்லும். புடவையையும் துணியையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் ஒட்டிவைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்புறம், வாடிக்கையாளர்களின் பெயரை நாங்கள் கேட்பதில்லை. அவர்கள் தேடி வந்த நிறம்தான் அவர்கள் பெயர். "அரக்கு மேடம் வந்துருக்காங்க", "மாம்பழ மஞ்சள் அக்காவைக் கவனி" என்றுதான் கடைக்குள் பேச்சு நடக்கும்.

அப்படி ஒரு நாள் வந்தவள்தான் கத்திரிப்பூ. ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். அவள் அம்மா கல்லூரியில் படித்தபோது கட்டிய காட்டன் புடவை ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். அதற்கான ரவிக்கை எப்போதோ கிழிந்துபோய்விட்டதாம்.

"எங்க போனாலும் வயலட்டை எடுத்து எடுத்துப் போடறாங்க. இது வயலட் இல்லைங்க."

நான் விழுந்தது அந்த இடத்தில்தான். வயலட்டுக்கும் கத்திரிப்பூவுக்கும் வித்தியாசம் தெரிந்த பெண்ணை இந்த ஊரில் வேறு எங்கே போய்த் தேடுவேன்? இருந்த கத்திரிப்பூ சுருள்களை எல்லாம் அள்ளிக்கொண்டு அவளோடு வாசலுக்குப் போனேன். ஒன்றும் சேரவில்லை. அந்தப் பழைய சாயத்தில் இப்போது யாரும் துணி போடுவதில்லை. "புது சரக்கு வரும், அடுத்த வாரம் வந்து பாருங்க" என்றேன். அடுத்த வாரம் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் நாங்கள் இருவரும் வாசலில் நின்று, ஒரே புடவையின் மேல் குனிந்து, "கொஞ்சம் சிவப்பு தூக்கலா இருக்கு", "இல்லை, இது நீலம்" என்று பேசிக்கொண்டிருப்போம். சுற்றிலும் மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போகிற கூட்டம் இடித்துத் தள்ளும். என் வாழ்க்கையில் அதைவிட அந்தரங்கமான பேச்சு அதுவரை நடந்ததில்லை.

ஒரே கஷ்டம், நல்ல வெளிச்சத்தில் துணியின் நிறம் மட்டுமா தெரியும்? ஒரு தடவை அவள் துணியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தவள், சட்டென்று கையைக் கண்ணுக்கு மேல் குடையாக வைத்துக்கொண்டாள். வெயிலுக்கா என் நெற்றிக்கா என்று எனக்குத் தெரியவில்லை. கடையில் துணி வெட்டும் மணியிடம் கேட்டேன். மாம்பலத்துக்காரன், என் வயதுதான், எதையும் சுற்றி வளைக்கத் தெரியாதவன்.

"உன் மூஞ்சிக்குத்தான் மாமா. வெயில்ல நின்னீன்னா ட்யூப்லைட்டே தோத்துடும், அப்டி கீது."

அன்று மாலையே பாண்டி பஜாரில் ஓர் அழகுப்பொருள் கடைக்குள் நுழைந்தேன். முகம் கழுவ இத்தனை சமாச்சாரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதுவரை நான் குளிக்கிற சோப்பையே முகத்துக்கும் காட்டிவந்தவன். (விசேஷ நாட்களில் அம்மாவின் கடலை மாவு. அது காய்ந்தபின் என்னைப் பார்த்தால் பஜ்ஜிக்குத் தயாராக இருப்பவன் போலிருப்பேன்.) அங்கிருந்த பெண், "ஜெல்லா, ஃபோமா, க்ரீமா சார்? வேப்பிலையா, கரியா?" என்றாள். நான் எங்கள் கடைக்கு வரும் ஆண்களைப் போல முழித்தேன். கடைசியில் எது அதிகமாக நுரைக்கும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நுரை அதிகமானால் அழுக்கு அதிகமாகப் போகும் என்பது எங்கள் வீட்டில் துணி துவைப்பதற்கு உண்டான சித்தாந்தம், அதை முகத்துக்கும் நீட்டித்தேன்.

காலையில், மதியம், மாலையில், இடையில் நேரம் கிடைக்கும் போதெல்லாம் கழுவினேன். கழுவிய கொஞ்ச நேரத்துக்கு முகம் கஞ்சி போட்ட காட்டன் மாதிரி விறைத்து நிற்கும். அப்படி விறைத்திருந்த ஒரு நேரத்தில் அவள் வந்து ஏதோ வேடிக்கையாகச் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்குகிறது, கன்னம் ஒத்துழைக்கவில்லை.

"என் மேல எதாவது கோவமா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க, இல்லைங்க" என்றேன், உதடு அசையாமல். அவள் போனதும் கல்லாவுக்குப் பின்னால் போய்த் தனியாகச் சிரித்துக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்து அக்கறையாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டாளே என்று அன்று முழுக்க ஒரே கிறக்கம்.

ஆனால் எண்ணெய் நின்றதா என்றால், முன்னைவிட இரண்டு பங்காக வந்தது. அடிக்கடி கழுவி எண்ணெயை வழித்தெடுத்தால், குறைகிறதே என்று தோல் இன்னும் அதிகமாகச் சுரக்குமாம். பின்னால் ஒரு தோல் மருத்துவர் சொன்னார். மென்மையான ஒன்றைக் காலையும் இரவும் போட்டு, கழுவியபின் ஈரப்பதத்துக்கு ஏதாவது தடவினால் போதும் என்றும் சொன்னார். அப்போது சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். போதாக்குறைக்குத் தாடையில் பருக்களும் கிளம்பின. நேரே மருந்துக்கடைக்குப் போய் "இருக்கிறதுலயே பவரானது கொடுங்க" என்றேன்.

மருந்துக்கடைக்காரர் ஒரு ட்யூபை நீட்டினார். பென்ஸாயில் பெராக்சைடு என்று போட்டிருந்தது. "கொஞ்ச நேரம் வச்சிட்டு நல்லா கழுவிடணும் தம்பி. வெள்ளைத் துண்டுலதான் தொடைக்கணும்" என்றார்.

இரண்டையும் நான் கவனமாகக் கேட்டு, இரண்டையும் தப்பாகப் புரிந்துகொண்டேன். வெள்ளைத் துண்டு என்றால் சுத்தமான துண்டு என்று எடுத்துக்கொண்டேன். நல்லா கழுவு என்பதை என் ரத்தம் ஏற்கவில்லை. வெட்டி மிஞ்சிய ஒட்டுத்துணியைக்கூட வீணாக்காத குடும்பம் எங்களுடையது. காசு கொடுத்து வாங்கிய மருந்தைச் சாக்கடையில் விடுவதா? மேலாக ஒரு கை தண்ணீர் அடித்துவிட்டு மிச்சத்தை முகத்திலேயே காயவிட்டேன். வீட்டில் என் பச்சைத் தலையணை உறை அங்கங்கே வெளுக்க ஆரம்பித்தது. அம்மா சோப்புத்தூளைத் திட்டித் தீர்த்துவிட்டு வேறு சோப்புத்தூளுக்கு மாறினாள். நிறத்தை வைத்தே பிழைக்கிற வீட்டில் மூன்று பேர் அந்த உறையைப் பார்த்தோம், ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இந்த நிலையில் அண்ணன் ஒரு காரியம் செய்தான். பழைய சரக்கு கிடந்த பரணில் ஏறி, தூசி தட்டி, ஒரு சுருளைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். கத்திரிப்பூ அன்று வந்தபோது வாசலுக்குக் கொண்டுபோய் ஒட்டிவைத்துப் பார்த்தோம். புடவை எது, துணி எது என்று தெரியவில்லை. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "அம்மாகிட்ட உடனே சொல்லணும்" என்று கைதட்டாத குறை. அண்ணன் மீசையை நீவிக்கொண்டான். நான் மட்டும் அந்தச் சுருளைத் திரும்பப் பரணில் ஏற்ற வழியுண்டா என்று பார்த்தேன். நிறம் சேர்ந்துவிட்டது. இனி அவள் எதற்கு வருவாள்?

"புடவைக்குப் புது ஃபால்ஸ் வச்சிடுங்க. நாளைக்கு மத்தியானம் வந்து வாங்கிக்கறேன்" என்று புடவையை வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ஃபால்ஸ் தைத்து, மடித்து, என் மேஜைக்கு வந்தது. அண்ணன் காபி குடிக்கப் போயிருந்தான். மணி உள்ளே துணி அடுக்கிக்கொண்டிருந்தான். நான் அப்போதுதான் முகத்தில் மருந்து போட்டு, வழக்கம்போல் பாதி கழுவி வந்து உட்கார்ந்திருந்தேன். நாளை மத்தியானத்துக்கு மேல் இந்தப் புடவையும் இல்லை, அவளும் இல்லை. வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு? பேசத் தெரியவில்லை, ஒரு பெயர் கேட்கத் தெரியவில்லை. குனிந்து அந்தப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பூச்சி உருண்டை வாசனை அடித்தது. (காதலின் மணம் என்றால் எனக்கு இன்றும் நாப்தலின்தான்.) எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ தெரியாது. அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து, புடவையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டேன். அந்தப் புழுக்கத்தில் ராத்திரி முழுக்க மருந்து தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

மறுநாள் மத்தியானம் வந்தாள். பழகிப்போன வழக்கம், கவரைப் பிரித்ததும் அவளே புடவையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். விரித்தாள்.

நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், மோவாய். எல்லாம் வெளுத்த ஆரஞ்சு நிறத்தில், கத்திரிப்பூவின் நடுவில் என் முகம். தாடைப் பருக்கள்கூடப் புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தன. அந்த மருந்து பட்டால் சாயத் துணி வெளுத்துவிடுமாம், வெள்ளைத் துண்டு என்று சொன்னது அதற்குத்தான்.

"இன்னா மாமா, உன் போட்டோ கீது!" என்று மணி உள்ளேயிருந்து கத்தினான். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அண்ணன் ஓடிவந்தான். "ஏல, என்னல இது? என்னல பண்ணித் தொலச்ச?"

அவள் புடவையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி புடவையைப் பார்த்தாள். அந்த மூக்கின் மேல் ஒரு விரலை வைத்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"தூங்கிட்டீங்களா?"

அவள் கண்ணில் கோபம் இல்லை. அது கேள்வியும் இல்லை என்று இப்போது தெரிகிறது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாதக்கணக்காக நான் சொல்லாமல் வைத்திருந்ததைத்தான் என் முகம் எழுதிக்கொடுத்துவிட்டதே, ஆமாம் அது நான்தான் என்று நின்றிருக்கலாம். நான் அண்ணனைப் பார்த்தேன், தெருவைப் பார்த்தேன்.

"ஆமாங்க. தூங்கிட்டேங்க" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அண்ணன் கையைக் கூப்பி, எதிர்க்கடையில் எந்தப் புடவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னான். "வேண்டாங்க, இதுவே இருக்கட்டும். அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று அந்த முகம் உள்பக்கம் போகும்படி நிதானமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். அப்புறம் வரவில்லை. புது சரக்கில் கத்திரிப்பூ வரும்போதெல்லாம் ரொம்ப நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி கோவில்பட்டிக்காரி. அவளுக்கு எங்கள் வீட்டில் அது முதல் தீபாவளி. சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் கதையை ஆரம்பித்தான். "கஸ்டமர் புடவையில குப்புறப் படுத்துத் தூங்கிட்டாம்மா ஒம் புருஷன்!" அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். அறைக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"தூங்குத மனுஷனுக்கு ஒரு கன்னந்தானங்க பதியும்? ரெண்டு கன்னமும் மூக்கும் நேரா எப்படிப் பதிஞ்சது?"

நான் போர்வையை உதறுவதில் மும்முரமானேன்.

"அவங்க பேரென்ன?"

"தெரியாது." சத்தியமாகத் தெரியாது. இன்றுவரை என் மனைவி அதை நம்பவில்லை.

தலையணையைத் தட்டிப் போட்டாள். எனக்கு வியர்த்து, முகத்தில் எண்ணெய் ஊற ஆரம்பித்தது.

"அந்தப் புடவையத் தூரப் போட்டிருக்க மாட்டாங்க."

"எப்படிச் சொல்லுத?"

"நானா இருந்தா போட்டிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

இப்போதும் வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால் அண்ணன் அந்தக் கதையைச் சொல்கிறான். அம்மா முதல் தடவை கேட்பதுபோல் சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன். 'தூங்கிட்டேங்க' என்று நான் சொன்ன இடம் வரும்போது மட்டும், என் மனைவி எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவருவதாக எழுந்து உள்ளே போய்விடுவாள்.