கீழ் ஜன்னல்

நேற்று அழித்துவிட்டுப் போன வரிகள் இன்று காலை மறுபடியும் முளைத்திருந்தன. ஸ்தனிஸ்லாஸ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தான். அப்படியேதான் இருந்தன.

தில்லைநகரில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரே மெஷின். நாலு மணி வரை ஸ்தனிஸ்லாஸ், அதற்குப் பிறகு ரங்கநாயகி. மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் ஒன்றுக்கு நெல் இருப்பு பார்க்கும் புரோகிராமை அவன் எழுதிக்கொண்டிருந்தான். புது எடிட்டரில் திரையை இரண்டு ஜன்னலாகப் பிரிப்பது, மெட்ராஸ் போய் ட்ரெயினிங் எடுத்து வந்த தனக்கு மட்டுமே தெரியும் என்பது அவன் எண்ணம்.

மேல் ஜன்னலில் அசல், கீழ் ஜன்னலில் நகல். சாயங்காலமானால், புரோகிராமை பிரிண்ட் எடுத்து மேஜையில் போட்டுவிட்டு, டிஸ்கில் இடத்தை அடைக்க வேண்டாமென்று நகலை மொத்தமாக அழித்து, சேவ் செய்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மெஷினை அணைத்துவிட்டு லால்குடி ரயிலுக்கு ஓடுவான்.

அந்த நகல்தான் திரும்ப வந்திருந்தது. போதாததற்கு, அவன் தப்பாக அடித்திருந்த இரண்டு வார்த்தைகளை யாரோ திருத்தியும் இருந்தார்கள்.

பாதுகாப்புக்கு மூன்றாவது ஜன்னலைத் திறந்தான். அதற்கும் பாதுகாப்பாக நான்காவது. ஒவ்வொன்றிலும் நாலைந்து வரிதான் தெரிந்தது. எதில் அடிக்கிறோம் என்று அவனுக்கே குழம்பியது. கடைசி ஜன்னலை மட்டும் அவசரமாக அழித்து, சேவ் செய்துவிட்டு ரயிலுக்கு ஓடினான்.

மறுநாள் காலை நாலு ஜன்னலும் நிறைந்து வழிந்தன.

ரங்கநாயகி வரும்வரை காத்திருந்தான்.

"மேடம், என் புரோகிராம்ல கை வைக்கிறீங்களா?"

"சார், அந்த ஜன்னல் விஷயமா நானே உங்ககிட்ட சொல்லணும்னு..."

"எனக்கே ஜன்னல் பாடமா? இன்னொருத்தர் வேலைல கை வைக்கிறதுக்குப் பேரு திருட்டுத்தனம்!"

பக்கத்து அறை டைப்ரைட்டர்களில் அடித்துக்கொண்டிருந்த டைப்பிஸ்டுகள் திரும்பிப் பார்த்தார்கள். ரங்கநாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது. வந்த காலோடு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஸ்தனிஸ்லாஸ் வெற்றிப் பெருமிதத்தோடு வழக்கம்போல் கீழே இருந்ததை அழித்துவிட்டு ரயிலைப் பிடித்தான்.

அடுத்த நாள் புரோகிராமைப் பார்க்க மில் முதலாளி அழகர்சாமியே வந்து உட்கார்ந்திருந்தார். நாலு ஜன்னலிலும் ஒரு எழுத்துகூட இல்லை.

"பழி வாங்கிட்டாங்க சார்!" என்று அலறினான் ஸ்தனிஸ்லாஸ்.

மேனேஜர் அப்துல் சலாம் பதறவில்லை. "நேத்து கிளம்பறப்ப என்ன பண்ணீங்களோ, அதை அப்படியே பண்ணிக் காட்டுங்க."

நாலு வரி அடித்தான். கீழ் ஜன்னலைத் திறந்தான். அழித்தான். எல்லார் கண்முன்னாலும் மேல் ஜன்னலும் காலியானது.

"தம்பி, அந்தம்மா இன்னும் வேலைக்கே வரலியே!" என்றார் அழகர்சாமி.

"ரெண்டும் ஒரே ஃபைல்தான்யா," என்றார் அப்துல் சலாம். "ஒரு வீட்டுக்கு ரெண்டு ஜன்னல் வச்சா ரெண்டு வீடாயிடுமா?"

ஸ்தனிஸ்லாஸுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. திருட்டுத்தனம் என்று எப்படி வாய் வந்தது? மேனேஜரிடம் ரங்கநாயகியின் வீட்டு விலாசத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, டைப்பிஸ்டுகளின் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்து, ஒரு சீப்பு மலைப்பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

"எங்க சார்?"

"ரங்கநாயகி..." என்று உளறினான்.

"தாயாரைச் சேவிக்கவா? அப்ப ஸ்ரீரங்கம்," என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர்.

சித்திரை வீதியில் வீட்டைக் கண்டுபிடித்தான். கதவைத் திறந்தவர் ரங்கநாயகியின் அம்மா. பின்னால் அவள். பழத்தை இரண்டு கையாலும் நீட்டியபடி, தலை நிமிராமல், வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான்.

"என் புரோகிராமை நானேதாங்க அழிச்சிருக்கேன். நீங்க அதைத் தொடவே இல்ல. நாலு பேர் முன்னாடி அப்படிப் பேசிட்டேன். மன்னிச்சுடுங்க."

"பரவால்ல சார், விடுங்கோ," என்றாள் ரங்கநாயகி அவசரமாக. "அம்மா, சாருக்குக் காபி..."

அம்மா நகரவில்லை.

"தொடவே இல்லையா? அப்போ, 'அந்த மனுஷர் இன்னிக்கும் பூராத்தையும் அழிச்சுட்டுப் போயிட்டார், பிரிண்ட்டைப் பார்த்துத் திரும்ப அடிச்சு வெச்சுட்டு வரேன்'னு தினமும் லேட்டா வந்தியேடி, அது யாரோட புரோகிராம்?"