தண்டல் கட்டிய தோட்டம்

மாலத்தீவில் இன்று எங்கே ஒரு பூ பூத்தாலும் அதற்கு ஆதி காரணம் தாம்தான் என்று நம்பிய ஒரு மனிதர் எங்கள் எதிர்வீட்டில், தம் மகனுடைய மாடியில் குடியிருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘தண்டல்’. சரக்குத் தோணியை ஓட்டிப் போகும் தலைவருக்குத் தூத்துக்குடியில் அதுதான் பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்றும் இருந்திருக்க வேண்டும். அது ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

எங்கள் ஊர்த் தோணியில் மாலத்தீவுக்கு வெங்காயம் போகும், செங்கல் போகும், ஜல்லி போகும். அந்தத் தீவுகளில் வெறும் மணல்தான் என்பதால் ஹோட்டல்காரர்கள் தோட்டம் போடச் செம்மண்ணும் போனதாம். அந்த மண்ணை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கியவர் தண்டல். ஆகவே தோட்டக்கலையில் தம்மை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய முடிவு. இதை மறுத்துப் பேசிய யாரையும் நான் பார்த்ததில்லை. பேச அவர் இடம் கொடுத்தால்தானே.

நாங்கள் அப்போதுதான் உப்பளத்தை ஒட்டிய புது லேஅவுட்டில் வீடு கட்டி முடித்திருந்தோம். அதற்கு முன் இருந்ததெல்லாம் வாடகை வீடு. அங்கே தொட்டியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தேன். வேர் போய் அஸ்திவாரத்தை இடித்துவிடும் என்று வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து சத்தம் போட்டார். தொட்டிக்குள் இருக்கும் வேர் எப்படி அஸ்திவாரத்துக்குப் போகும் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் வாடகை ஏறும். சொந்த வீடு கட்டினால் வாசலில் மண் இருக்க வேண்டும், மண்ணில் செடி இருக்க வேண்டும், சாயங்காலம் அதன் நிழலில் நாற்காலி போட்டு நான் உட்கார வேண்டும் என்று அன்றைக்கே மனதில் எழுதிக்கொண்டேன்.

கட்டி முடித்தபோது பேங்க் லோன் பணம் தீர்ந்திருந்தது, என் நகை அடகுக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தது என் சீட்டுப் பணம் ஒன்றுதான். முற்றத்துக்கு அதுதான் பட்ஜெட். என் கணவர் இரும்புக்கடை வைத்திருப்பவர். உலகத்தின் எல்லாப் பிரச்சினைகளுக்கும் சிமெண்ட்தான் தீர்வு என்று நம்புகிறவர். முற்றம் முழுக்கப் பேவர் பிளாக் பதித்துவிடலாம், கழுவிவிட்டால் பளிச்சென்று இருக்கும் என்றார். நான் விடவில்லை. தோட்டம் அமைத்துத் தரும் ஒரு கம்பெனி ஆளை வரவழைத்தேன். அவர் மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தார், துப்பினார். முழங்கால் ஆழத்துக்கு உப்பு மண்ணை அள்ளிவிட்டு லாரி லாரியாகச் செம்மண் கொட்ட வேண்டும், மேலே மெக்சிகன் புல் பதிக்க வேண்டும், நடுவில் ஒரு நீரூற்று வைக்க வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகைக்கு இன்னொரு வீடே கட்டலாம், தோட்டம் இல்லாமல்.

அவர் போனதும் என் கணவர் தீர்ப்புச் சொன்னார். “ஒன் சீட்டுப் பணத்துக்குள்ள என்ன வேணும்னாலும் செஞ்சுக்கோ. கார்த்திகை மழை முடியுத வரைக்கும் இந்த முற்றத்துல செடி உசுரோட நின்னா ஒன் இஷ்டம். இல்லன்னா மறுநாளே பிளாக் எறக்கிருவேன்.”

இது எங்களுக்குள் நடந்த பேச்சு. ஆனால் பதில் எதிர்வீட்டு மாடியிலிருந்து வந்தது. தண்டலிடம் தோணிக் காலத்துப் பைனாகுலர் ஒன்று உண்டு. காதுக்கும் அப்படி ஏதோ ஒன்று வைத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

“ஏளா, அந்தக் கம்பெனிக்காரன் கணக்கு தப்பு. நான் எறங்கி வாரேன்.”

வந்தார். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். “தோட்டத்துக்கு மூணே செலவுதான். மொத ஆளுக சாப்பாடு. அடுத்தது கயிறு. மிஞ்சுனா சரக்கு.”

“சரக்குன்னா என்ன அண்ணாச்சி?”

“மண்ணு, செடி, அது இது எல்லாந்தான்.”

“அது மிஞ்சுனாத்தானா?” என்று என் கணவர் கேட்டார்.

“வயிறு காஞ்சவன் போடுத முடிச்சு நிக்காது தம்பி. முடிச்சு நிக்கலன்னா சரக்கு இருந்து என்ன செய்ய?”

மறுநாள் தம்மோடு தோணியில் வேலை பார்த்த பழைய ஆட்களைக் கூட்டிவந்தார். எல்லோருக்கும் பேரப்பிள்ளை எடுத்த வயது. சீலா மீன் குழம்பு, பொரித்த மீன், சோறு என்று என் சீட்டுப் பணத்தின் முதல் தவணை அவர்கள் வயிற்றுக்குள் போனது. சாப்பிட்டுவிட்டு கார் நிறுத்துகிற இடத்தில் வரிசையாகப் படுத்துத் தூங்கினார்கள். மதியம் கடையிலிருந்து வந்த என் கணவர் அவர்களைத் தாண்டித் தாண்டி வீட்டுக்குள் வந்தார். தோட்ட வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டார். சாப்பாட்டு மட்டில் இருக்கிறது என்றேன்.

அதன்பிறகு காற்றுப் பார்க்கும் படலம். முற்றத்தின் நடுவில் ஒரு கம்பை நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டினார். காற்று சொல்லாமல் செடி வைக்கக் கூடாதாம். அந்தத் துணி எந்தப் பக்கம் அசைகிறது என்று நாள் கணக்கில் மாடியிலிருந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் போகிறவர்கள், எப்போது கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தீர்கள் என்று என் கணவரை விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

கயிறு வாங்குவதில் குடும்பச் சண்டையே வந்தது. எங்கள் கடையிலேயே கயிறு இருக்கிறது. என் கணவர் ஆசையாக ஒரு நைலான் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தண்டல் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இது துணி காயப்போடத்தான் ஆவும் தம்பி.” பிறகு பீச் ரோட்டுப் பக்கம் போய், என் கட்டை விரலைவிடத் தடித்த தென்னங்கயிறு வாங்கிவந்தார். தொழில்காரரை அவர் வீட்டு முற்றத்திலேயே வைத்து இப்படி அவமானப்படுத்தலாமா? என் கணவர் அன்று இரவு சாப்பிடவில்லை.

மண்ணைத் தோண்டவே கூடாது என்று தண்டல் சொல்லிவிட்டார். உப்பு மண்ணோடு சண்டை போடுவது வெட்டி வேலை, மேலே ஏற்றிக் கட்டிவிடலாம் என்றார். உடைத்த தோணியின் பலகைகள் சல்லிசாக வந்தன. நீலப் பிளாஸ்டிக் பேரல்களைப் பாதியாக அறுத்துத் தொட்டியாக்கினார். பாரம் கூடாது என்று தென்னைநார்த் தூளும் கொஞ்சம் செம்மண்ணும் கலந்து ஒவ்வொன்றாகப் பாதிக்கு மேல் நிரப்ப ஆரம்பித்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் கணவர் டிரில்லிங் மெஷினோடு வந்து ஒரு காலிப் பேரலைக் கவிழ்க்கும் வரைக்கும்.

“என்ன செய்யப் போற தம்பி?”

“அடியில ஓட்டை போடணும்லா அண்ணாச்சி. தண்ணி வடியாண்டாமா? வேர் அழுவிரும்.”

தண்டலின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். மெஷினை வாங்கித் தம் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். “என் ஆயுசுல நான் அடியில ஓட்ட போட்டதில்ல, போட விட்டதுமில்ல. அப்பிடி ஒரு காரியம் இங்கன நடக்காது.”

கடைசியில் பேரலின் பக்கவாட்டில், நன்றாக மேலே, ஒரே ஒரு துளை போட அனுமதித்தார். அதையும் வேண்டாவெறுப்பாகத்தான்.

செடிகளுக்குச் செலவே இல்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, கேட்காமல் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்தார். யாராவது எட்டிப் பார்த்தால், “துறைமுக வரி” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். செம்பருத்தி, முருங்கை, நந்தியாவட்டை என்று தெருவே வரி கட்டியது. நெல்லிக்கன்று ஒன்றை மட்டும் நான் வாங்கினேன். இடைவெளி விட்டால் சரக்கு உருளும் என்று தொட்டிகளை இடித்து நெருக்கிப் பலகைமேல் அடுக்கினார். எதை ஏற்றினாலும் இறக்க வழி பார்த்துத்தான் ஏற்ற வேண்டும் என்று, வாசலைத் தாண்டிப் போகிற அகலத்துக்கு மேல் விடவில்லை. அப்புறம் கயிறு. தொட்டியோடு தொட்டியை, தொட்டியோடு பலகையை, கடைசியில் மொத்தத்தையும் போர்ட்டிகோ தூணோடு கட்டினார். இவ்வளவும் ஆன பிறகு மாடிக்குப் போய்ப் பைனாகுலரில் பார்த்து, “ஏளா, இடப்பக்கம் சாயுது. முருங்கைய வலப்பக்கம் மாத்து” என்றார்.

பால்காய்ப்புக்கு வர முடியாமல் போய், பிறகு எட்டயபுரத்திலிருந்து வீடு பார்க்க வந்த என் கணவரின் மாமா, முற்றத்தை மேலும் கீழும் பார்த்தார். “மாப்ள, வீட்டுக்குக் குடி வாரியளா, காலி பண்ணிட்டுப் போறியளா?” என்று கேட்டார். கேட்டவர் திரும்பும்போது தூண் கயிறு தடுக்கிக் குப்புற விழுந்தார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் என் கணவர் அன்று தூணில் கட்டியிருந்த கயிற்றை மட்டும் சத்தமில்லாமல் அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டார். எனக்கே தெரியாது.

ஐப்பசியில் முதல் செம்பருத்தி பூத்தது. எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். தண்டல் இறங்கி வந்து தொட்டி முன்னால் நின்றார். வழக்கமாக ஒரு சொற்பொழிவு வர வேண்டிய இடம். அதற்குப் பதில் விரலை நீட்டி இதழைத் தொடப்போய், தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

“மாலத்தீவுல பாக்காத பூவா அண்ணாச்சி?” என்று கேலி செய்தேன்.

“எங்க பாத்தேன். மண்ண எறக்குனா மறுநா கெளம்பிருவோம். அதுல என்ன வச்சாங்க, என்ன பூத்துதுன்னு ஒண்ணும் தெரியாதுளா. மவன் வீட்டுலயும் பூராச் சிமெண்டுதான்.”

கேலி செய்த நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அவர் நிமிர்ந்து, நந்தியாவட்டைக் கயிறு தளர்ந்திருக்கிறது என்று என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

கார்த்திகையில் மழை பிடித்தது. நின்று பெய்தது. எங்கோ குளம் நிறைந்து, தெருவுக்குள் தண்ணீர் வந்தது. விடிந்து கதவைத் திறந்தேன். தண்ணீர் மேல்படி வரை நின்றது. முற்றத்தில் தோட்டம் இல்லை. செடி செத்திருந்தால்கூடப் புரியும். பலகை, பேரல், கயிறு, எதுவுமே இல்லை. வெளிக்கேட் போடப் பணம் பற்றாமல் விட்டிருந்த இடைவெளி மட்டும் அப்படியே இருந்தது.

என் கணவர் பின்னால் வந்து நின்றார். பேவர் பிளாக் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அப்போது மாடியிலிருந்து அந்தக் குரல். “ஏளா, அழாத. ஒன் தோட்டம் தெக்க போய்க்கிட்டு இருக்கு. ஓட்டம் நல்லா இருக்கு.”

எழுந்து பார்த்தேன். ஓட்டையில்லாத அடியோடு, எல்லாத் தொட்டிகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, முருங்கை முன்னாலும் நெல்லி பின்னாலுமாக என் தோட்டம் தெருவில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. மூலைவீட்டு இன்ஜினியர் பெரும் செலவில் பதித்த மெக்சிகன் புல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அவர் மொட்டைமாடியில் நின்று, தம் வீட்டைக் கடந்து போகும் என் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தூண் கயித்த அவுத்தது யாரு?” என்று தண்டல் கேட்டார். தெரு முழுக்கக் கேட்டது.

என் கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். கடற்கரை ஊரில் பிறந்தும் கணுக்காலுக்கு மேல் கடலில் நனையாத மனிதர் அவர்.

“தம்பி, முன்னால போவாத. பக்கத்துல போயி புடி. இழுக்காத, அதுவா வரும், கூடவே நட.” மாடியிலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் என் கணவர் வார்த்தைக்கு வார்த்தை கீழ்ப்படிந்தார். கல்யாணமான நாள் முதல் என் பேச்சை அவர் அப்படிக் கேட்டதில்லை. தெருமுனையில் போய்ப் பிடித்து, திருப்பி, நடத்திக் கூட்டிவந்தார். தோட்டம் வாசல் இடைவெளிக்குள் இம்மி தட்டாமல் நுழைந்தது. தண்டலும் இறங்கி வந்தார். சுருட்டி வைத்திருந்த கயிற்றை எடுத்துவரச் சொல்லி, என் கணவர் கையாலேயே தூணில் முடிச்சுப் போடவைத்தார்.

“இனி அவுப்பியா?”

“மாட்டேன் அண்ணாச்சி.”

மழை விட்டது. செடிகள் உயிரோடு இருந்தன. பேவர் பிளாக் பேச்சை அப்புறம் எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. தாம் ஓட்டிக்கொண்டு வந்த தோட்டம் என்று என் கணவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். வெள்ளம் நின்று வடிந்ததில் முற்றத்து உப்பும் வெகுவாகக் குறைந்து, மேலே வண்டல் படிந்திருந்தது. முருங்கையையும் நெல்லியையும் தரையிலேயே நட்டுவிட்டோம். அந்த வெள்ளத்தையும் தாம்தான் வரவழைத்ததுபோலத் தண்டல் பேசினார். நாங்களும் கேட்டுக்கொண்டோம்.

அடுத்த வருஷம் அவருடைய மகன் வீட்டை விற்றார். தண்டல் வேம்பாரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது நான் சாயங்காலம் நாற்காலி போட்டு நெல்லி நிழலில் உட்காருகிறேன். எதிர்மாடி காலியாக இருப்பதுதான் கண்ணில் படுகிறது. திட்ட ஆள் இல்லாத தோட்டத்தில் உட்காருவது அவ்வளவு சுகமாக இல்லை.

ஆனால் வருஷா வருஷம் கச்சான் என்கிற மேற்குக் காற்று கிளம்பியதும் போன் வந்துவிடும். “ஏளா, காத்து எடுத்துட்டு. கயிறு இறுக்கமா இருக்கா?”

“இருக்கு அண்ணாச்சி” என்பேன்.

தரையில் வேர் விட்டு நிற்கிற மரத்துக்குக் கயிறு எதற்கு? எப்போதோ அவிழ்த்தாயிற்று. ஆனாலும் அவரிடம் சொன்னதைப் பொய்யாக விட எனக்கு மனசில்லை. போனை வைத்ததும் பரணிலிருந்து அந்தத் தென்னங்கயிற்றை எடுத்துவந்து, முருங்கையைத் தூணோடு சேர்த்து ஒரு கட்டுக் கட்டிவிடுவேன். கடையிலிருந்து திரும்பும் என் கணவர் அதை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். ஒன்றும் கேட்காமல் இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு உள்ளே வருவார்.