நாவலை ரிப்பேர் பார்த்த வெல்டர்

தமிழ்நாட்டிலேயே நவீன நாவல் ஒன்றை ரிப்பேர் பார்த்த ஒரே ஆள் எங்கள் உச்சிப்புளி வெல்டர்தான். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

அவர் பட்டறைக்கு மேல் மாடியில் நான் குடியிருந்தேன். ராமநாதபுரத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஒரு புது நாவலைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டுவிட்டேன். மூன்று தடவை படித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. முதல் அத்தியாயத்தில் கதாநாயகி சாகிறாள். நாலாவதில் அவளுக்குக் கல்யாணம்.

"என்ன தம்பி, பொஸ்தகத்த மொறைச்சுக்கிட்டு இருக்கீக?" பட்டறை வாசலில் வெல்டர் கேட்டார்.

"புரியலண்ணே."

"குடுங்க, நான் பாக்குறேன்."

இரண்டே நாளில் மாடியேறி வந்தார். "இந்தப் பொம்பள மொதப் பக்கத்துலயே செத்துட்டா. பெறகு மீன் வாங்குறா. பேயா?"

"இல்லண்ணே, காலத்த முன்னபின்ன மாத்தி எழுதியிருக்காரு."

"அச்சாபீஸ்ல மாத்திட்டாகளா?"

"வேணும்னேதான்."

இரும்புக் கேட்டைத் தலைகீழாக மாட்டிவிட்டு டிசைன் என்று சொல்கிறவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் நாவல் திரும்பி வந்தது. பிளேடால் அறுத்து, பள்ளிக்கூடம், கல்யாணம், சாவு என்று வரிசையாக அடுக்கி, ஓரத்தில் டிரில் போட்டுக் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார். நூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஆரம்பித்தது.

"இப்பப் படிங்க. தண்ணியா ஓடும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூட்டத்துக்கு ஒரு நாள்தான் இருந்தது, வேறு பிரதியும் இல்லை. வேறு வழியின்றிப் படித்தேன். எல்லாம் புரிந்தது. ஆனால் இதில் என்ன இருக்கிறது என்றுதான் புரியவில்லை. இப்போது குழப்பம் இரண்டாகிவிட்டது.

காலையில் பட்டறை திறக்கும் முன்பே வெல்டர் வந்து நின்றார்.

"அதக் குடுங்க தம்பி. பழையபடி வச்சுத் தாரேன்."

"ஏண்ணே, நல்லாத்தான ஓடுது?"

கட்டிலில் உட்கார்ந்தார். "நான் வச்ச வரிசையில கடைசிப் பக்கத்துல சாகுறா. எழுதுனவரு வச்சதுல கெணத்தடியில நின்னு சிரிக்கிறா. பொஸ்தகத்த மூடி வச்சா அதுதான் மனசுல நிக்கிது. தெரிஞ்சேதான் மாத்தியிருக்காரு."

புத்தகத்தை வாங்கிக் கட்டுக்கம்பியைப் பிரிக்க ஆரம்பித்தார். அவர் மனைவி தவறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"எனக்கு வீட்டுக்காரிய நெனச்சா ஆஸ்பத்திரிதான் முன்னாடி வருது. மாத்தி வைக்கத் தெரியல."

கூட்டத்தில், கிணற்றடியில் அவள் சிரிக்கிற அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றித்தான் பேசினேன். நல்ல கைதட்டல். இந்தக் கோணம் எப்படித் தோன்றியது என்று தலைவர் கேட்டதற்கு, ரொம்ப நாள் யோசித்தேன் என்று கூசாமல் சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் கூசியது. நேரே பட்டறைக்குப் போய், அவர் பேரைச் சொல்லாததை ஒப்புக்கொண்டேன்.

அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. "அவளப் பத்தி நல்லபடியாப் பேசுனீகளா?" என்று மட்டும் கேட்டார்.

"பேசினேண்ணே" என்றேன். எவளை என்று கேட்கவில்லை.